ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் வரும் மருத்துவமனை: செவிலியர் பயிற்சியில் எதைச் சொல்லிக் கொடுப்பது?

கேள்வி: பின்னலூர் செவிலி

வணக்கம். திருப்பூர் பக்கம் 80 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை. ஓபியில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள்: ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம். நோயாளிகளின் பண்பாடு பற்றிச் செவிலியர்களுக்கும் வரவேற்பு, மருந்தகம், லேப் ஆட்களுக்கும் வகுப்பு எடுக்கும் பொறுப்பு எனக்கு. நிர்வாகம் கொடுத்திருப்பது மொத்தமே 2 மணி நேரம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பழங்குடியினர் என்று பிரித்து, யார் எதைச் சாப்பிடுவார்கள், என்ன பழக்கம் என்று 40 ஸ்லைடு தயாரித்திருக்கிறேன். இது போதுமா? மொழி தெரியாத இடத்தில் கூட வரும் சூப்பர்வைசரை வைத்தே பேசிவிடுகிறோம். அது சரியா? நடைமுறையில் பயன்படுகிற மாதிரி சொல்லுங்கள்.

---

பதில் 1: செவிலியக் கல்வி ஆசிரியை

அந்த 40 ஸ்லைடை எடுத்து வையுங்கள். பட்டியல் படித்த செவிலி நோயாளியிடம் கேட்பதை நிறுத்திவிடுவார், அதுதான் அதிலுள்ள ஆபத்து. "பீகார்க்காரர், சப்பாத்திதான் சாப்பிடுவார்" என்று முடிவு செய்து டயட் எழுதுவார். எதிரே இருப்பவர் மூன்று வேளையும் சோறு தின்கிறவராக இருப்பார். அமெரிக்காவில் இந்தப் பயிற்சிகள் பட்டியலாகவே தேங்கிப்போனபோது, டெர்வலான், மரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள் 1998-இல் வேறு கோணத்தை முன்வைத்தார்கள். அடுத்தவர் பண்பாட்டில் தேர்ச்சி பெற்றுவிட்டோம் என்று எண்ணாமல், தெரியாது என்ற பணிவோடு ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்பது அவர்கள் சொன்னது. நம் வார்டுக்கும் அது பொருந்தும்.

2 மணி நேரத்தை ஒரே நாளில் செலவழிக்காதீர்கள். நான்கு வாரம், வாரம் 30 நிமிடம், ஷிப்ட் மாறும் நேரத்தில் வையுங்கள். ஒரே நாள் வகுப்பென்றால் நைட் டியூட்டி முடித்தவர்கள் தூங்கி விழுவார்கள், டியூட்டியில் இருப்பவர்கள் வரவே மாட்டார்கள்.

முதல் வாரம் பேச்சு வேண்டாம். ஒரு காலி மாத்திரை அட்டை, ஒரு காலி சிரப் பாட்டில், இரண்டிலும் ஒடியா எழுத்தில் மட்டும் எழுதிய லேபிள். ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, "இதை எப்போது, எவ்வளவு சாப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். 5 நிமிடம் காத்திருங்கள். எழுத்துத் தெரியாதவர் கவுண்டரில் ஏன் தலையாட்டிவிட்டு நகர்கிறார் என்பது அதற்கு மேல் விளக்காமலே புரியும்.

இரண்டாவது வாரம் திருப்பிச் சொல்ல வைக்கும் முறை. "புரிஞ்சுதா?" என்ற கேள்வியைத் தடை செய்யுங்கள். அதற்கு எந்த ஊர் நோயாளியும் "ஆமாம்" என்றுதான் சொல்வார். அதற்குப் பதில், "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும். ரூமுக்குப் போய் இதை எப்படிப் போடுவீங்கன்னு சொல்லுங்க" என்று கேட்கப் பழக்குங்கள். புரியவில்லை என்றால் தவறு விளக்கிய நம் மேல்தான், கேட்ட நோயாளி மேல் இல்லை என்ற தொனி முக்கியம். ஒரு தடவைக்கு மூன்று விஷயம் போதும்: மருந்து, ஆபத்தான அறிகுறி, திரும்ப வரும் நாள். தவறாகச் சொன்னால் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்வதில் பலன் இல்லை. வேறு மாதிரி சொல்லிவிட்டு மறுபடி கேட்க வேண்டும்.

மூன்றாவது வாரம் கேள்விகள். நோயாளி தன் நோயை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று அறிய, அமெரிக்க மனநல மருத்துவர் கிளைன்மேனும் உடன் ஆய்வாளர்களும் 1978-இல் கொடுத்த எட்டுக் கேள்விகள் இன்றும் பயன்படுகின்றன. ஓபியில் எட்டுக்கும் நேரமில்லை, அதில் இரண்டை எடுத்து, மூன்றாவதாக நம்முடைய ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? இதில் உங்களுக்கு மிகவும் பயம் எது? இங்கே வருமுன் என்ன செய்து பார்த்தீர்கள்? மூன்றாவதில்தான் நாட்டு மருந்தும், மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஊசியும் வெளியே வரும்.

கேட்கும் சொல்லும் முக்கியம். "புகையிலை பழக்கம் உண்டா?" என்றால் ஒடிசாப் பெண் "இல்லை" என்பார். அவர் தினமும் பல் தேய்க்கும் குடாக்கு புகையிலைப் பசைதான். பீகாரில் குல் என்ற புகையிலைப் பொடியால் பல் தேய்ப்பார்கள். அவர்களுக்கு அது பல்பொடி. "கைனி, குட்கா, குல், குடாக்கு" என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும்.

இந்தி பேசும் தாய் குழந்தைக்குச் "சோட்டி மாத்தா" என்றால் சின்னம்மை. நாம் "அம்மை போட்டிருக்கு" என்பதுபோல அவர்களும் அம்மன் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். நம் வீட்டில் வேப்பிலை வைத்துவிட்டு மருந்துக்குத் தயங்குகிற அதே தயக்கம் அங்கும் உண்டு. இந்த ஒற்றுமையை வகுப்பில் சொல்லுங்கள். "அவங்க மூடநம்பிக்கை" என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நான்காவது வாரம் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசும் பயிற்சி. அதைத் தெரிந்தவர் எழுதட்டும்.

---

பதில் 2: இந்தி-ஒடியா மொழிபெயர்ப்பாளர்

சூப்பர்வைசர் கேள்விக்கு நேரடிப் பதில்: கூடாது. அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் கூடாது. மெஷினில் விரல் சிக்கியவர் அவர் எதிரே "ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்பார். அதுவே ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு ஈ.எஸ்.ஐ.யில் வேலைக் காயம் என்று நிரூபிக்கத் தொழிலாளி திண்டாட வேண்டும். கர்ப்பம், வெள்ளைப்படுதல், காசநோய், எச்.ஐ.வி. எதுவானாலும் அவர் காதில் விழுந்த அன்றே ஹாஸ்டல் முழுக்கத் தெரியும், வேலையும் போகலாம். "டாக்டர் பரிசோதிக்கணும், வெளியே உட்காருங்க" என்று எல்லோருக்கும் ஒரே விதியாகச் சொல்லுங்கள், பகை வராது. குழந்தைகளை வைத்தும் பேசாதீர்கள். பத்து வயதுப் பையன் அம்மாவின் ரத்தப்போக்கைப் பற்றி என்ன சொல்வான்?

எல்லோரும் இந்திக்காரர் இல்லை. ஒடிசாக்காரர் ஒடியா, வங்காளத்தார் வங்காளி, ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர் சந்தாலியோ முண்டாரியோ பேசுகிறவராக இருக்கலாம். வேலை இடத்து இந்தி நாலு வார்த்தை இருக்கும், வலியைச் சொல்ல அது போதாது. பதிவு செய்யும்போதே "வீட்டில் என்ன பாஷை?" என்று கேட்டு ஓபி சீட்டின் மேல் எழுதுங்கள். மாநிலத்தை எழுதினால் போதாது.

அரைகுறை இந்தி தெரிந்த செவிலியர் அடிக்கடி சறுக்கும் சில இடங்கள்:

"கல்" என்றால் இந்தியில் நேற்றும் அதுவே, நாளையும் அதுவே. "பர்ஸோ" முந்தாநாளுக்கும் நாளை மறுநாளுக்கும் பொது. அதனால் காய்ச்சல் எத்தனை நாள் என்பதையும் திரும்ப வரும் நாளையும் காலண்டரில் விரல் வைத்துக் காட்டியே பேசுங்கள்.

"சக்கர்" என்றால் தலைசுற்றல். "சக்கர் ஆ ரஹா ஹை" என்றவரைச் சர்க்கரை நோயாளி என்று குறித்துவிடக் கூடாது. "புகார்" என்று காதில் விழுந்தால் காய்ச்சல் என்று பொருள், அவர் யார்மேலும் புகார் சொல்லவில்லை. "கம்ஸோரி" பலவீனம்தான், ஆனால் இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னால் ஆண்மைக் கவலையாகவும் இருக்கலாம், ஆண் டாக்டரிடம் தனியாக அனுப்புங்கள். "கேஸ்" என்று நெஞ்சைத் தடவுகிறவரை ஆன்டாசிட் கொடுத்து அனுப்பாமல் ஈ.சி.ஜி. எடுங்கள். நம் ஊர் வாயுப்பிடிப்புக்கும் இதே விதிதான்.

ஒடியாவில் சில சொற்கள் நமக்கு நெருக்கம். ஜ்வர என்றால் சுரம், பாந்தி என்றால் வாந்தி. தலைக்கு முண்ட. முப்பது சொல் அட்டை ஒன்று போட்டு மேசையில் ஒட்டலாம். ஆனால் அது அவசரத்துக்கு மட்டும். அட்டையை வைத்து ஒப்புதல் வாங்க முடியாது.

மருத்துவமனையிலேயே ஒடியா, வங்காளி பேசும் வார்டு உதவியாளர், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் இருப்பார்கள். அவர்களில் ஆணும் பெண்ணுமாக நால்வரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுங்கள். அதற்குத் தனிப் படி கொடுங்கள், தரையைத் துடைத்துக்கொண்டிருப்பவரைச் சும்மா கூப்பிட்டால் பாதியில் ஓடுவார். சோதனை எளிது: ஆபரேஷன் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் நீங்கள் வாசிக்க, அவர் தன் மொழியில் சொல்ல வேண்டும். அதை மொபைலில் பதிந்து, அந்த மொழி தெரிந்த இன்னொருவரைத் தமிழில் திருப்பிச் சொல்ல வையுங்கள். எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பது பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் விட்டுப்போவது ஆபத்துகளைப் பற்றிய பகுதிதான். "பயப்படுவாங்கன்னு சொல்லல" என்பார்கள்.

பேசும்போது மொழிபெயர்ப்பாளர் நோயாளிக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் உட்காரட்டும். நீங்கள் நோயாளியின் முகத்தைப் பாருங்கள். "எப்ப இருந்து வலின்னு அவர்கிட்ட கேளுங்க" என்பதற்குப் பதில் "உங்களுக்கு எப்ப இருந்து வலி?" என்று நேராகக் கேளுங்கள். ஒன்றிரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நீளமாகப் பேசினால் சுருக்கம்தான் போய்ச்சேரும்.

---

பதில் 3: தியேட்டர் இன்சார்ஜ்

கல்வி ஆசிரியை சொல்வதோடு பாதி உடன்படுகிறேன். பட்டியலே வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. சில விவரங்கள் முன்னாலேயே தெரியாவிட்டால், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

முதலில் வளையல். மணமான வங்காளிப் பெண்கள் கையில் வெள்ளைச் சங்கு வளை, போலா என்ற சிவப்பு வளை, கூடவே லோஹா என்ற இரும்புக் காப்பு. கழற்றுவது அவர்களுக்குத் தாலி கழற்றுவது போல. சங்கு உலோகம் இல்லை. எம்.ஆர்.ஐ.க்கும், ஆபரேஷனில் மின்சாரத்தால் அறுக்கும் டயதர்மிக்கும் கண்டிப்பாகக் கழற்ற வேண்டியது இரும்புக் காப்புதான். சங்கு வளை இறுக்கமாக இருந்து கை வீங்கும் வாய்ப்பு இருந்தாலோ, அந்தக் கையில் ஊசிவழி போட்டாலோ, மணிக்கட்டு எக்ஸ்ரேயை மறைத்தாலோ மட்டும் அதையும் கேளுங்கள். சிலதில் தங்கப் பூணோ கம்பியோ கட்டியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். நம் பெண்களுக்குத் தாலிச் சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டி அனுப்புகிறோமே, அதுபோல அவரிடமே "இதுக்குப் பதிலா என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். கழற்றியதைக் கவரில் போட்டு, பொருள், எண்ணிக்கை எழுதி, வாங்கியவர் கையெழுத்தோடு கேஸ் ஷீட்டில் வையுங்கள். வெட்டி எடுப்பது உயிர் போகும் அவசரத்தில் மட்டும்.

ரத்தம். யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளணு, பிளேட்லெட், பிளாஸ்மா ஏற்க மாட்டார்கள். அல்புமின், இம்யூனோகுளோபுலின், உறைதல் காரணிகள் போன்றவை அவரவர் மனசாட்சி முடிவு, அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். பர்ஸில் கையெழுத்திட்ட அட்டை இருக்கும். உறவினர் இல்லாத இடத்தில் தனியாகக் கேட்பது அவசியம்.

மருந்தின் மூலம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது, அதே வகை இனாக்ஸாபெரினும் அதிலிருந்தே. அதே வேலைக்கான ஃபோண்டாபெரினக்ஸ் செயற்கையாகத் தயாரிப்பது. கேப்சூல் கூடு ஜெலட்டின் என்றால் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்து வந்தது. சைவம் மட்டும் உண்பவருக்கும் முஸ்லிம்களுக்கும் அது கேள்வியாகலாம். உயிர்காக்கும் மருந்தென்றால் பலரும் ஏற்பார்கள். ஆனால் முடிவு அவர்களுடையது, மறைத்துக் கொடுக்கக் கூடாது.

நோன்பு. சர்க்கரை நோயாளி ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். நோன்பு தொடங்கிய பிறகு கேட்பது தாமதம். செவிலி டோஸை மாற்றக் கூடாது, ஆனால் டாக்டர் எழுதியதைப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாக ஒருவேளை மட்டும் போடும், நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் "பேசல்" இன்சுலின், நோன்பு திறக்கும் இஃப்தார் நேரத்துக்கு நகரும், 15 முதல் 30 சதவீதம் குறையும். இருவேளை கலவை இன்சுலினில் காலை டோஸ் இஃப்தாருக்குப் போகும், இரவு டோஸ் 25 முதல் 50 சதவீதம் குறைந்து விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு வரும். மூன்று வேளை மெட்ஃபார்மின் என்றால் மதிய மாத்திரையும் இஃப்தாரோடு சேரும். சர்க்கரை 70-க்குக் கீழே போனாலும் 300-க்கு மேலே போனாலும் நோன்பை முறிக்க வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது என்பதுதான் பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. இது தெரியாமல்தான் பலர் பகலில் பரிசோதிப்பதே இல்லை. "நோன்பு வைக்காதீங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பினால், அவர் வைப்பார், உங்களிடம் சொல்ல மாட்டார்.

---

பதில் 4: மருந்தாளுநர்

மருந்தகத்துக்கு மட்டும் சில விஷயங்கள். 1-0-1 என்று எழுதுவது நமக்குத்தான் புரியும். உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், நிலா, மூன்று படமும் உள்ள ரப்பர் ஸ்டாம்ப் செய்து கவரில் குத்துங்கள். படத்துக்குக் கீழே மாத்திரையை வட்டமாக வரையுங்கள், அரை மாத்திரைக்கு அரை வட்டம்.

ஆனால் நைட் ஷிப்டில் இருப்பவருக்கு நிலா படம் தப்பான வழி காட்டும். இரவு 8 மணிக்கு வேலைக்குப் போய்க் காலையில் தூங்குகிறவர், "ராத்திரி மாத்திரை" என்று தூக்கம் வரும் செட்ரிசினைப் போட்டுக்கொண்டு தையல் மெஷினில் உட்காருவார். முதலில் ஷிப்டைக் கேளுங்கள். "தூங்கப் போகும் முன்", "எழுந்து சாப்பிட்ட பிறகு" என்று சொல்லுங்கள்.

குழந்தை மருந்தில் ஸ்பூன் என்ற சொல்லே வேண்டாம். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஓர் அளவு. ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சில் மார்க்கரால் கோடு போட்டு, ஒருமுறை தாயையே தண்ணீரை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாராசிட்டமால் டிராப்ஸ் 1 மி.லி.யில் 100 மி.கி., சிரப் 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. (250-ம் உண்டு). சிரப் பழகிய தாய் டிராப்ஸை 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி. உள்ளே போகும், கிட்டத்தட்ட நான்கு மடங்கு. வீட்டில் பழைய பாட்டில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

டயட் சீட்டு: "இட்லி, கேப்பைக் கூழ்" என்று அச்சடித்ததை ஆறு பேர் ஒரே அடுப்பில் சமைக்கும் ரூமுக்குக் கொடுத்துப் பயனில்லை. பீகார்க்காரர் "சத்து" என்று சொல்லும் உணவு வறுத்த கடலை மாவு, புரதம் நிறைந்தது, காசநோயாளிக்கு நல்ல உணவு. ஒடியர்களின் பகால நம் பழைய சோறுதான். இருப்பதைக் கேட்டு, அதில் அளவைச் சொல்லுங்கள்.

---

பின்னலூர் செவிலி

எல்லோருக்கும் நன்றி. ஸ்லைடுகளை எடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஒரே பெயரில் நாலு "சுனிதா தேவி" இருக்கிறார்கள், லேப் ரிப்போர்ட் மாறுகிறது. இன்னொன்று, கணவர் ஊரில் இருக்கும்போது ஆபரேஷன் ஒப்புதலில் யார் கையெழுத்து?

---

பதில் 5: மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு

பெயர் விஷயம். தேவி, குமாரி, காத்தூன், பீபி போன்றவை குடும்பப் பெயர் இல்லை. நம் மென்பொருள் இனிஷியல் கேட்கும், அவர்களுக்கு இனிஷியல் கிடையாது, கவுண்டரில் ஏதோ ஓர் எழுத்தைப் போட்டுவிடுவார்கள். அடுத்த முறை வேறு எழுத்து விழும், புதுப் பதிவு எண் வரும், பழைய ஒவ்வாமைக் குறிப்பு காணாமல் போகும். ஆதாரில் உள்ளபடி முழுப் பெயரை ஓர் எழுத்தும் மாற்றாமல் பதியுங்கள், இனிஷியல் கட்டத்தைக் கட்டாயமில்லை என்று மாற்றச் சொல்லுங்கள். பிறந்த தேதியையும் முழுதாக நம்ப முடியாது, பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றே இருக்கும். ஆகவே பெயரோடு மருத்துவமனைப் பதிவு எண், இந்த இரண்டும் ரத்தம் எடுக்குமுன் கைப்பட்டையில் ஒத்துப்போக வேண்டும். "நீங்க சுனிதா தேவியா?" என்று கேட்காதீர்கள், அதற்கும் தலையாட்டுவார்கள். "உங்க பேர் என்ன?" என்று கேளுங்கள்.

ஒப்புதல். 18 வயது நிறைந்து சுயநினைவோடு இருப்பவர் என்றால் அவர் கையெழுத்துதான், வேறு யாருடையதும் இல்லை. 2008-இல் சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவர் தாயிடம் வாங்கிய ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தாய்க்கே அப்படி என்றால் காண்ட்ராக்டருக்கு எந்த உரிமையும் இல்லை. கருக்கலைப்புச் சட்டத்திலும் வயது வந்த பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும். கருத்தடை அறுவைக்கும் கணவர் கையெழுத்து தேவையில்லை. ஊரில் உள்ள கணவரிடம் போனில் பேச அவர் விரும்பினால் பேச வையுங்கள், அது ஆதரவு, ஒப்புதல் இல்லை. கைநாட்டு வைப்பவருக்கு, அவர் மொழியில் விளக்கியவரின் பெயர், மொழி, நேரம், சாட்சிக் கையெழுத்து, இந்த நான்கும் படிவத்தில் இருக்க வேண்டும். விளக்கியவரும் சாட்சியும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

பிரசவத்துக்கு எட்டாம் மாதம் வந்து சேருகிறவரிடம் பிக்மி எண், அதாவது தமிழக அரசின் கர்ப்பிணிப் பதிவு எண், இருக்காது. பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அது கேட்கப்படும். முதல் ஓபியிலேயே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிப் பதிய வையுங்கள்.

---

பதில் 6: செவிலியக் கல்வி ஆசிரியை

தியேட்டர் இன்சார்ஜ் சொன்னது சரி. அந்த விவரங்களை மதவாரியாகப் பிரிக்காமல், வேலைவாரியாக ஒரு பக்கத் தாளாக்கி அந்தந்த இடத்தில் ஒட்டுங்கள்: தியேட்டர் வாசலில் வளையல், ரத்தம், சர்க்கரை ஓபியில் நோன்பு. தாளின் மேல் பெரிய எழுத்தில் "முதலில் கேளுங்கள்" என்று இருக்கட்டும்.

விடுபட்ட ஒன்று, ஊர்ப் பயணம். தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜை, துர்கா பூஜை, ஹோலி, அறுவடை, இந்தக் காலங்களில் ரயில் ஏறிவிடுவார்கள். ஃபாலோ அப் தேதி கொடுக்குமுன் "ஊருக்கு எப்போது போகிறீர்கள்?" என்பது கட்டாயக் கேள்வி. ஆறு மாதக் காசநோய் சிகிச்சையில் இருப்பவர் போவதாகச் சொன்னால், நிக்ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் அவருக்குள்ள எண்ணை அவர் போனில் போட்டோ எடுத்துக் கொடுத்து, சொந்த மாவட்ட மையத்துக்கு நிக்ஷயில் மாற்றிவிட்டு, வழிக்கும் அங்கே சேரும் வரைக்கும் மாத்திரை கொடுத்து அனுப்புங்கள். போன பிறகு தேடினால் பழைய சிம் கார்டு அணைந்திருக்கும்.

பயிற்சி பலித்ததா என்பதைக் கருத்துப் படிவத்தில் பார்க்காதீர்கள், "நன்றாக இருந்தது" என்றுதான் எழுதுவார்கள். மாதம் பத்துக் கேஸ் ஷீட் எடுங்கள், தமிழ் தெரியாத நோயாளிகளுடையது மட்டும். வீட்டு மொழி எழுதியிருக்கிறதா, மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கிறதா, திருப்பிச் சொல்ல வைத்ததற்குக் குறிப்பு இருக்கிறதா, ஊர்ப் பயணத் தேதி கேட்டார்களா? இந்த நான்கையும் எண்ணுங்கள். பயிற்சிக்கு முந்தைய மாதத்தின் பத்துக் கேஸ் ஷீட்டையும் இப்போதே எண்ணி வைத்துவிடுங்கள், பிறகு ஒப்பிட அது வேண்டும். புதிதாகச் சேரும் செவிலிக்கு முதல் வாரத்திலேயே அந்த ஒடியா லேபிள் பயிற்சியைக் கொடுத்துவிடுங்கள்.